பரீட்சை எழுதாத சேனாதிபதி

பேகம்பூர் பெரிய பள்ளிவாசலில் ஹைதர் அலியின் இளைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கிறார். ஊருக்குப் பெயர் வந்ததும் அவ்வம்மையாரால்தான். ராணுவ உத்தியோகஸ்தராக ஆசைப்பட்டுத் தேசியப் பாதுகாப்பு அகாடமிப் பரீட்சையில் தவறி, இனி நமக்கு வழியில்லை என்று சோர்ந்திருக்கும் வாலிபர்கள் நம் ஜில்லாவிலும் உண்டு. அவர்கள் அவ்வம்மையாருடைய தமையனாரின் சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம்.

ஹைதர் 1722-ஆம் வருஷத்தையொட்டிக் கோலாரை அடுத்த பூதிக்கோட்டையில் பிறந்தார். தந்தை பத்தே முகம்மது சீரா ராஜ்யத்தின் படைத்தலைவராயிருந்து போரில் மாண்டபோது ஹைதர் சிறு பிள்ளை. கடன் பாக்கி என்ற பெயரால் அக்குடும்பம் பட்ட பாடு கொஞ்சமன்று. அவர் எழுத்து வாசனை அறியாமலே வளர்ந்தார். மூத்த சகோதரர் ஷாபாஸ் மைசூர்ச் சேனையில் பதவி பெற்றார். இளையவரோ இருபத்தேழு வயது வரையில் வேட்டையிலும் கேளிக்கையிலும் காலம் போக்கினார். இக்காலத்து விதிகளின்படி அகாடமியில் சேரும் வயது அவருக்கு எப்பொழுதோ கடந்துவிட்டது!

1749-ல் மைசூரார் தேவனஹள்ளியை முற்றுகையிட்டபோது, ஹைதர் தமையனோடு தொண்டராகப் போனார். அங்கே அவருடைய அஞ்சாமையையும் நிதானத்தையும் கண்ட நஞ்சராஜர் 50 குதிரை வீரரையும் 200 காலாட்களையும் அவர்வசம் ஒப்புவித்தார். பின்னர் நடந்த திருச்சிராப்பள்ளி யுத்தம் அவருக்குப் பாடசாலையாயிற்று. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தத்தம் சிப்பாய்களை அணிவகுத்து நடத்தும் முறையை அங்கே கண்ணால் கண்டு கற்றார்.

1755-ல் திண்டுக்கல்லின் பௌஜ்தார் பதவி கிடைத்தது. அவர் வாழ்வின் திருப்பம் நமது மலைக்கோட்டையடியில் நேர்ந்தது என்பதை நம்மவர் பலர் அறியார். பழனி, விருபாட்சி முதலிய பாளையங்களை அடக்கியதோடு அவர் நின்றுவிடவில்லை. புதுச்சேரி, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி ஆகிய இடங்களிலிருந்து தேர்ந்த தொழிலாளிகளைத் தருவித்துப் பிரெஞ்சு நிபுணரின் மேற்பார்வையில் பீரங்கிப் படையும் ஆயுதசாலையும் மருந்துச் சாலையும் நிறுவினார். எழுத்தறியாத தமக்குக் கணக்கெழுத கண்டேராவ் என்ற பிராமணரை வைத்துக்கொண்டார்; தமது அபார ஞாபக சக்தியால் அக்கணக்கையும் சரிபார்த்தார். காயம்படாத வீரருக்கும் கட்டுக் கட்டி, அதிகப் பணம் வாங்கினார் என்று வில்க்ஸ் எழுதியிருக்கிறார். வில்க்ஸ் ஆங்கிலேயர் கட்சிக்காரரேயாயினும், இதை அடியோடு தள்ளிவிட நமக்கு மனம் துணியவில்லை.

1757-ல் சோழவந்தான் வரை வந்த ஹைதரை எதிர்த்து விரட்டியவர் கம்பெனியின் சிப்பாய்த் தலைவர் யூசுப்கான். அவரும் அடிமட்டத்திலிருந்து உயர்ந்தவரே. அந்த யூசுப்கானைக் கம்பெனியாரும் ஆற்காட்டு நவாபும் 1764-ல் மதுரையில் தூக்கிலிட்டனர். ஹைதரோ 1761-ல் மைசூர் ராஜ்யத்தையே தம் கைக்குள் கொணர்ந்தார். தம்மை உயர்த்திய நஞ்சராஜரையும் தமது கணக்கரையும் வென்றே அங்ஙனம் செய்தார். அதை நாம் புகழ வரவில்லை. 1769-ல் சென்னையின் வாயிலில் நின்று கம்பெனியாரை உடன்படிக்கைக்கு இணங்க வைத்ததும், 1780-ல் பொள்ளிலூரில் பெய்லியின் படையை முறியடித்ததும் உலகறிந்தவை. மறு வருஷம் பரங்கிப்பேட்டையில் கூட்டிடம் தோற்றார். 1782 டிசம்பர் 7-ந் தேதி சித்தூருக்கருகே பாசறையிலேயே நோயால் உயிர் நீத்தார்.

பத்தாண்டுகளில், 1792-ல், திண்டுக்கல் கம்பெனி வசமாயிற்று. அத்துடன் இங்கே ஹைதர்கள் தோன்றும் வழியும் அடைபட்டது. இந்தியச் சிப்பாய் எத்தனை வருஷம் உழைத்தாலும் சுபேதார் மேஜருக்குமேல் உயர இயலாது. நேற்று வந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு அவர் சலாமிட வேண்டும். 1918-ல்தான் வருஷத்துக்குப் பத்து இந்தியருக்கு ஸாண்ட்ஹர்ஸ்டில் இடம் விட்டார்கள். டேராடூன் அகாடமி 1932-ல் நாற்பது மாணாக்கரோடு திறக்கப்பட்டது.

இன்று பன்னிரண்டாம் வகுப்போடு எழுதும் பரீட்சை ஒன்றே வாயிலன்று. பட்டம் பெற்றபின் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிப் பரீட்சை எழுதலாம்; அதில் தேறுவோருக்குச் சென்னைப் பரங்கிமலைப் பயிற்சி அகாடமியும் உண்டு. தேசிய மாணவர் படையின் ‘சி’ சான்றிதழ் உடைய பட்டதாரிகள் எழுத்துப் பரீட்சையின்றியே நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். சிப்பாயாகச் சேர்ந்தவரும் உரிய தகுதி பெற்றுத் தேர்வில் தேறினால், டேராடூனிலுள்ள ராணுவ கேடட் கல்லூரி வழியே உத்தியோகஸ்தராகலாம்.