கச்சேரி கேட்ட கவிஞர்

கோவிற்பட்டிக்கு அணித்தாய், கரிசல் நிலம் சூழ்ந்த எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் சுப்பிரமணிய பாரதியார் பிறந்தார். முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் அவ்வூரிலேயே.

கச்சேரி சுவையாதபோது சபையோர் கூச்சலிடுதலும் எழுந்து போதலும் வழக்கம். பாரதியார் செய்தது வேறு. கேட்போர்க்குப் பொருள் விளங்காத சில கீர்த்தனங்களையே வித்துவான்கள் ஊர்தோறும் திரும்பத் திரும்பப் பாடுவதைச் ‘சங்கீத விஷயம்’ என்னும் கட்டுரையிற் கடிந்தார். தாய்மொழியில் ஒன்பான் சுவையும் தோன்றப் பாடுமாறு வேண்டினார். அவ்வளவில் அமையாது, தாமே இராகமும் தாளமும் குறித்துத் தமிழ்ப் பாட்டுக்கள் இயற்றினார்.

1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். சென்னையில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தபோது, அதனைக் காண அவர் இல்லை.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரி அரங்கிற் கூக்குரல் எழுப்புமுன், குறை இன்னதெனத் தெளிந்துரைக்கவும், அதனினும் நல்லதொன்றை ஆக்கிக் காட்டவும் நம்மால் இயலுமா என்று எண்ணிப் பார்ப்போமாக.