குற்றாலத்துப் பெரியவர் ரசிகமணி டி.கே.சி.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ மூன்று கல் தொலைவு. ஆனி பிறந்து, மேல்காற்று மலைக்கணவாய் வழியே சாரலைக் கொண்டுவரத் தொடங்கினால், இவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட சாலையில் மக்கள் கூட்டம் பெருகும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வருவோரே அவர்களுள் பெரும்பாலோர். ஆயினும் 1940களில் அச்சாலை வழியே வந்தவர்களுள் ஒரு சிலர் அருவியை இரண்டாவதாகவே கருதினர். அவர்கள் நாடி வந்தது ஒரு வீட்டையும் அவ்வீட்டின் பெரியவரையும். அப்பெரியவரே ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார், தமிழுலகம் சுருக்கமாக டி.கே.சி. என்று அழைத்து மகிழ்ந்தவர்.

டி.கே.சி. 1882ஆம் ஆண்டு பிறந்தார். தென்காசியோடு தொடர்புடைய சைவக் குடும்பத்தினர். சட்டம் பயின்றார், ஆனால் வழக்காடுவதில் அவர் மனம் ஊன்றவில்லை. சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1930களின் முற்பகுதியில் இந்து அறநிலையங்களை மேற்பார்வையிடும் ஆணையராகவும் பணியாற்றினார். பதவி வகித்தவர்களின் வரலாறுகளில் இவை பெரிய அத்தியாயங்களாக அமையும். இவர் வரலாற்றிலோ இரண்டு வரிகளில் அடங்கிவிடுகின்றன. அது முறையே என்பது எம் கருத்து.

அவருடைய உண்மையான தொழில் மனிதரைக் கூட்டிவைப்பது. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வாழ்ந்த வீட்டில் வட்ட வடிவமான ஒரு தொட்டிக்கட்டு இருந்தது. 1920களில் தொடங்கி அங்கே நண்பர்கள் கூடலாயினர். அதற்கு உறுப்பினர் பட்டியல் இல்லை, சந்தா இல்லை, தலைவர், செயலாளர் என்ற பிரிவுகளும் இல்லை. வீட்டின் ஓர் உறுப்பைக் குறித்த பெயரே கூட்டத்திற்கும் பெயராயிற்று: வட்டத்தொட்டி. இலக்கியச் சங்கங்களைப் பெயரிட்டுத் திறந்துவைத்து, ஓராண்டுக்குள் மூடிவிடும் வழக்கத்தை நாம் கண்டிருக்கின்றோம். விதி ஒன்றும் வகுக்காத அந்த வட்டத்தொட்டியோ இன்றும் பேசப்படுகிறது.

அங்கே நடந்ததுதான் என்ன? ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். நிதானமாகப் படிப்பார், மீண்டும் படிப்பார். சந்தியால் ஒட்டிக் கிடந்த சொற்களைப் பிரித்து, ஓசை எங்கே நிற்கிறது, உணர்ச்சி எங்கே ஏறுகிறது என்று காட்டுவார். இலக்கணக் குறிப்புகளும் மேற்கோள்களும் அடுக்கி விளக்குவது புலவர் மரபு. அதைக் கேட்டு அஞ்சிப் பாட்டை விட்டு விலகியோர் பலர். டி.கே.சி.யின் முன் அமர்ந்தவர்கள், இத்தனை நாள் நமக்குப் புரியாது என்று எண்ணியிருந்த பாட்டு நம் வீட்டுப் பேச்சாகவே இருக்கிறதே என்று வியந்தனர். பழைய தொகைநூலாகிய புறத்திரட்டில் தப்பிப் பிழைத்த முத்தொள்ளாயிரப் பாடல்களுக்கு அவர் எழுதிய விளக்கம், அந்நூலைப் பொதுமக்களிடம் சேர்த்தது. நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களைப் போகுமிடமெல்லாம் படித்துக் காட்டி, கேட்பவர் உள்ளத்தில் பதியவைத்தவரும் இவரே.

பின்னர் வீடு குற்றாலத்திற்கு மாறியது. வட்டத்தொட்டியும் உடன் வந்தது எனலாம். இராஜாஜி வந்து தங்கினார், கல்கி வந்தார். எஸ். மகராஜன், பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப. சோமு முதலியோர் உறவினர்போல் வந்து சென்றனர். இடைசெவல் கிராமத்திலிருந்து இளைஞர் கி. ராஜநாராயணனும் வந்தார். நாடறிந்த தலைவருக்கும், பெயரறியா இளைஞருக்கும் அவ்வீட்டில் ஒரே பந்தி. உணவைச் சுவைப்பதும் பாட்டைச் சுவைப்பதும் அவருக்கு வேறு வேறாகத் தோன்றவில்லை. விருந்தினரை அருகமர்த்தி, இலையில் விழும் ஒவ்வொன்றின் பக்குவத்தையும் எடுத்துச் சொல்லி உண்ணச் செய்வார். இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் செல்ல எமக்கு மனமில்லை. விருந்தோம்பலின் புகழ் வீட்டுத் தலைவர் பெயரில் எழுதப்படுகிறது. வேளைதோறும் அடுப்படியில் நின்ற அவருடைய துணைவியாரும் ஏனைய பெண்மணிகளும் அப்புகழில் பாதிக்கேனும் உரியவர்கள்.

இவ்வாறு ஊரார் பிள்ளைகளையெல்லாம் தம் பிள்ளைகளாய்க் கொண்ட அப்பெரியவருக்குத் தம் சொந்த மகனை இழக்க நேர்ந்தது. தீபன் என்ற புனைபெயரில் எழுதிய தீத்தாரப்பன் தந்தையின் சுவையுணர்வைப் பெற்றவர்; அரும்பிய முல்லை என்பது அவர் எழுதிய நூல். அவர் இளமையிலேயே மறைந்தார். செய்தியறிந்த கவிமணி இரங்கற்பா ஒன்றை எழுதி அனுப்பினார். துயரத்தில் ஆழ்ந்திருந்த தந்தை அப்பாட்டைப் படித்தார். இத்தகைய பாட்டு கிடைக்குமாயின் இன்னும் ஒரு மகனையும் இழக்கலாம் என்ற கருத்துப்பட அவர் சொன்னதாக ஒரு செய்தி நெல்லைச் சீமையில் வழங்கிவருகிறது.

இதைக் கேட்டு முகம் சுளிப்போரும் உண்டு. மகனினும் பாட்டு பெரிதா என்று வினவுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களின் வழக்கமான சொற்கள் எதுவும் தொடாத இடத்தை நண்பரின் நாலடி தொட்டிருக்கிறது. பற்றிக்கொள்ள வேறு கொம்பு இல்லாத தந்தை அதனைப் பற்றிக்கொண்டார். வாழ்நாள் முழுதும் பிறருக்குப் படித்துக் காட்டிய கவிதை, தம் வீட்டு முற்றத்தில் சாவு வந்து நின்றபோது துணை நிற்குமா நிற்காதா என்ற சோதனை அது. அதற்குப் பின்னும் அவ்வீட்டின் வாயில் திறந்தே இருந்தது. வருவோரும் வந்தவண்ணம் இருந்தனர்.

அவரிடம் குறை காண்போர் கம்பரைப் பற்றியே குறை காண்பர். கம்பராமாயணத்தில் பிறர் பாடிச் சேர்த்த பாடல்கள் மிகப் பல என்பது அவர் முடிவு. தம் செவிக்கும் உணர்ச்சிக்கும் ஒவ்வாதவற்றை ஒதுக்கினார்; சில இடங்களில் சொற்களையே திருத்தினார். இவ்வாறு தெரிந்தெடுத்தவற்றைக் கல்கி இதழில் விளக்கி எழுதினார். கம்பர் தரும் ராமாயணம் என்ற நூலும் வெளிவந்தது. ஏட்டுச் சான்று இன்றிச் சுவை ஒன்றையே சான்றாகக் கொள்ளலாமா என்று புலவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நாம் கருதுகின்றோம். தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்குப் பழுது நேர்ந்தால் அதைச் சீர்செய்வோரைப் பணிவதாகக் கல்லில் பாட்டு வெட்டி வைத்தான். டி.கே.சி.யின் காலம் முழுதும் சிதைந்தே நின்ற அக்கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது. பழுது பார்ப்பது வேறு, தமக்குப் பிடிக்காத கல்லைப் பெயர்ப்பது வேறு. இருப்பினும், சிந்தாமணியின் விருத்தத்தில் தோய்ந்த செவியோடு கம்பரை அணுகும் நம் குடும்பத்தார், அவர் ஏற்றுக்கொண்ட பாடல்களுக்குத் தந்த விளக்கத்தைப் படித்தால் மகிழாமல் இருக்கமாட்டார்கள். ஒதுக்கியதில் பிழை செய்தவர், ஏற்றதில் பிழை செய்யவில்லை.

1941இல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதும் யாவரும் அறிந்தவை. தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்ற அவ்வியக்கத்தில் இராஜாஜி, கல்கி ஆகியோரோடு டி.கே.சி.யும் முன்னின்றார். பொருள் அறியாத மொழியில் பாடினால் கேட்பவர் உள்ளம் எவ்வாறு உருகும் என்பது அவருடைய கேள்வி. வட்டத்தொட்டியில் அவர் செய்துவந்த செயலின் நீட்சியே அது.

நேரில் வர இயலாதவர்களுக்குக் கடிதம் எழுதினார். சாரல் விழுந்தது, யார் வந்தார்கள், எந்தப் பாட்டைப் படித்தோம், என்ன சாப்பிட்டோம் என்று வீட்டுச் செய்தியாகவே தொடங்கும் அக்கடிதங்கள், படிப்பவரைத் திண்ணையில் அமர்த்திவிடும். அவர் மறைவுக்குப் பின் அவை நூலாகவும் வெளிவந்தன. மேடைக்காக எழுதப்பட்ட கட்டுரைகளினும் அவற்றிலேயே அவரை நாம் தெளிவாகக் காண்கின்றோம்.

1954ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் டி.கே.சி. மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கவிமணியும், டிசம்பரில் கல்கியும் மறைந்தனர். அவ்வீட்டில் அமர்ந்து கேட்டவர்களுள் மகராஜன் உயர்நீதிமன்ற நீதிபதியாகி, ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் தந்தார்; கம்பரைப் பற்றிச் சாகித்திய அகாதெமிக்காக ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். பாஸ்கரத் தொண்டைமான் 1951இல் தஞ்சைக் கலைக்கூடம் உருவாக முன்னின்று உழைத்தவர். கோயில்களைப் பற்றி வேங்கடம் முதல் குமரி வரை எழுதியவர். இடைசெவல் இளைஞர் கரிசல் மண்ணின் பேச்சை எழுத்தாக்கி, 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். 2021இல் மறையும்வரை அவர் ரசிகமணியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.