கணிப்பொறி மேதை ஆலன் டூரிங்

தேர்வு விடைத்தாளில் நாம் பெயரை எழுதுவதில்லை. பதிவு எண்ணை மட்டுமே எழுதுகிறோம். திருத்துபவருக்கு நம் ஊரும் குலமும் தெரியா. விடை ஒன்றே தெரியும். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்த எண்ணின் அருமையை அறிவேன். ஆலன் டூரிங்கின் வரலாறு என் நெஞ்சைத் தொட்டதும் அதனால்தான்.

டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி, தாயார் கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற டூரிங், 1936இல் ஒரு கற்பனை எந்திரத்தைப் படைத்தார். நாடாவில் உள்ள குறிகளை விதிப்படி படித்தும் அழித்தும் எழுதியும் செல்வது அது. தக்க விதிகளைத் தந்தால், அத்தகைய எந்திரங்கள் அனைத்தின் வேலையையும் ஒரே எந்திரம் செய்யும் என்று மெய்ப்பித்தார். இன்றைய கணிப்பொறிக்கு அதுவே அடிப்படை.

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைக்க, பிளெட்சிலி பார்க்கில் ‘பாம்ப்’ என்னும் கருவியை வடிவமைத்தார். பொருந்தாத அமைப்புகளை விரைந்து ஒதுக்கித் தள்ளுவது அதன் வேலை.

எந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியையே 1950இல் அவர் மாற்றி அமைத்தார். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மனிதரும் ஓர் எந்திரமும் தட்டச்சில் விடை தருகின்றனர். எது எந்திரம் என்று கேட்பவரால் பிரித்தறிய முடியுமா? இதுவே அவர் வைத்த சோதனை. இன்றைய செயற்கை நுண்ணறிவுத் துறை இன்னும் ஒருபடி செல்கிறது. எந்திரம் மனிதரைப் போல் இருக்க வேண்டியதில்லை; சூழலை உணர்ந்து, குறிக்கோளுக்கு மிகவும் ஏற்ற செயலைத் தேர்ந்தால் போதும். அதனைப் பகுத்தறிந்து செயல்படும் முகவர் என்பர். உள்ளே இருப்பதை விடுத்துச் செயலைக் கொண்டு மதிப்பிடும் வழியில் முன் நடந்தவர் டூரிங்.

ஆனால் அவர் நாடு அவரை அப்படி மதிப்பிடவில்லை. ஓர் ஆணுடன் கொண்ட உறவுக்காக 1952இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்தை ஏற்கச் செய்தது. அவரது போர்ப்பணியோ அன்று அரசின் இரகசியம். 1954 ஜூன் 7ஆம் நாள், 41 வயதில், சயனைடு நஞ்சால் மறைந்தார். தற்கொலை என விசாரணை முடிந்தது. 2009இல் பிரிட்டிஷ் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2013இல் அரச மன்னிப்பும் வந்தது.

எந்திரத்துக்கு அவர் கேட்ட நீதி, பதிவு எண் நமக்குத் தரும் அதே நீதிதான். அவருக்கு மட்டும் அது காலம் கடந்தே கிடைத்தது.