மருத்துவப் பேராசான் ஆஸ்லர்

என் அத்தைக்கு ஆண்டில் நான்கைந்து முறை முகம் வீங்கும். ஒவ்வாமை என்று ஊசி போடுவார்கள். வீக்கம் அடங்காது, இரண்டு மூன்று நாளில் தானே வடியும். பாட்டனாருக்கும் அப்படியே வந்து, ஒருநாள் தொண்டை வீங்கி மூச்சடைத்து இறந்தார். இந்த வடநாட்டுப் பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயில வந்த பிறகே அந்நோயைப் பற்றி அறிந்தேன். அதை ஆராய்ந்த சர் வில்லியம் ஆஸ்லரையும் அறிந்தேன்.

ஆஸ்லர் 1849 ஜூலை 12ஆம் நாள், கனடாவில் பாண்ட் ஹெட் என்னும் சிற்றூரில், பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1872இல் மக்கில் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று லண்டன் சென்றார். உயிருள்ள குருதிக் குழாயில் தனித்தனியே மிதக்கும் தட்டணுக்கள், குருதி வெளியே வந்ததும் ஒட்டித் திரள்வதைக் கண்டு 1874இல் எழுதினார்.

1884இல் பிலடெல்பியாவில் பேராசிரியரானார். அங்கே 1888இல், ஒரே குடும்பத்தில் ஐந்து தலைமுறை தொடர்ந்த வீக்க நோயை விவரித்தார். மூச்சடைத்து மாண்டவர்களும் அக்குடும்பத்தில் உண்டு. நோய் பரம்பரையாக வருவது என்பதைத் தெளிவாகக் காட்டினார். நரம்புக் கோளாறே காரணம் என்று அக்காலத்தார் கருதியதால், நோயின் பெயரிலும் நரம்பு இடம்பெற்றது.

சி1 தடுப்பான் என்னும் புரதத்தின் குறையே காரணம் என்பது 1963இல்தான் தெரிந்தது. அப்புரதம் இரண்டு வாயில்களுக்கு ஒரே காவலன். காம்ப்ளிமெண்ட் என்னும் நோயெதிர்ப்புப் புரதங்களில் முதலாவதான சி1ஐ அது அடக்குகிறது. குருதி உறைதலின் 12ஆம் காரணியையும் அடக்குகிறது. காவல் தளர்ந்தால் 12ஆம் காரணி கல்லிக்ரீனை எழுப்பும். அதனால் பிராடிகினின் பெருகும். குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் வீங்கும். ஒவ்வாமை மருந்து பயன்படாததன் காரணம் இதுவே. அக்காரணியின் ஒரு துண்டு சி1ஐயும் தூண்ட வல்லது. கட்டவிழ்ந்த சி1, சி4 என்னும் புரதத்தைச் செலவழித்துக் குறைத்துவிடும்.

உறைதலை ஆராய்ந்த கண்களே வீக்கத்தையும் ஆராய்ந்தன. இரண்டையும் பிணைக்கும் புரதத்தை அறியும் வாய்ப்பு அக்காலத்தில் இல்லை. ஆயினும் அவர் எழுதி வைத்த குடும்ப வரலாறு பின்வந்தோருக்கு வழிகாட்டிற்று.

1889இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குச் சென்று, மாணவரை நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் பாடம் சொன்னார். 1905இல் ஆக்ஸ்போர்டு சென்றார். 1917இல் மகனைப் போரில் இழந்தார். 1919 டிசம்பர் 29ஆம் நாள் மறைந்தார்.

சென்ற விடுமுறையில் அத்தையின் குருதியைச் சோதிக்கச் செய்தேன். சி4 மிகக் குறைவாக இருந்தது. ஆஸ்லரைப் பின்பற்றி எங்கள் குடும்பத்தாரின் பெயர்களைத் தலைமுறைவாரியாக எழுதியிருக்கிறேன். என் தந்தையின் பெயருக்கும் என் பெயருக்கும் எதிரே இன்னும் குறியிடவில்லை. வரும் விடுமுறையில் இருவரும் சோதித்துக்கொள்வோம். நண்பர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் கேட்டு எழுதி வையுங்கள்.