கால்களைக் காப்பாற்றிய எக்ஸ்ரே டாக்டர்

1964-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி. அமெரிக்காவில், ஆரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லண்டு நகரம். அங்குள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 82 வயது மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். ரத்த ஓட்டம் குறைந்து, அவருடைய கால் விரல்கள் அழுகிக்கொண்டிருந்தன. காலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மூதாட்டி சம்மதிக்கவில்லை.

அப்போது உதவிக்கு வந்தவர் கத்தி பிடிக்கும் டாக்டர் அல்ல, எக்ஸ்ரே டாக்டர். அவர் பெயர் சார்லஸ் டாட்டர்.

32 வயதில் தலைவர்

பாஸ்டன் நகரில் 1920-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி பிறந்தவர் டாட்டர். எந்த யந்திரத்தைக் கண்டாலும் பிரித்துப் பார்த்துவிடுவது அவரது சிறு வயதுப் பழக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். இருதயத்தையும் ரத்தக் குழாய்களையும் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் கலையில் தேர்ந்தார். 1952-ல், தமது 32-வது வயதில், போர்ட்லண்டு மருத்துவக் கல்லூரியின் எக்ஸ்ரே துறைத் தலைவரானார். கடைசி வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1963-ல் ஒரு சம்பவம். ஒரு நோயாளிக்குப் படம் எடுப்பதற்காக அவர் செலுத்திய மெல்லிய குழாய், இடுப்புப் பகுதியில் அடைபட்டிருந்த ரத்தக் குழாய்க்குள் புகுந்து மறுபுறம் போய்விட்டது. அடைப்பில் வழி பிறந்துவிட்டது! தண்ணீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது போல ரத்தக் குழாயிலும் ஏன் எடுக்கக்கூடாது என்று டாட்டர் எண்ணினார்.

கத்தி இல்லாமல்

மூதாட்டியின் காலைப் படம் எடுத்தபோது, தொடையில் ஓடும் ரத்தக் குழாய் ஒரே இடத்தில், சிறிது தூரத்துக்கு மட்டுமே சுருங்கியிருப்பது தெரிந்தது. டாட்டர் அதற்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தினார். அதன் மேல் ஒரு டெப்லான் குழாயையும், அதற்கும் மேல் சற்றுப் பெரிய குழாயையும் நுழைத்துச் சுருக்கத்தை அகலப்படுத்தினார். கால் சூடேறியது. ஒரு வாரத்தில் வலி போயிற்று. சில வாரம் கழித்து எடுத்த படத்திலும் வழி திறந்தே இருந்தது. இறக்கும் வரை அந்த மூதாட்டி தம் சொந்தக் கால்களிலேயே நடந்தார்.

படம் சொல்லும் ஜோசியம்

இந்தச் சிகிச்சை யாருக்குப் பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்பதைப் படமே பெரும்பாலும் முன்கூட்டிக் காட்டிவிடும். சுருக்கம் குட்டையாக இருந்தால் பலன் நீடிக்கும். நீளமான முழு அடைப்பு என்றால் மறுபடி அடைபட வாய்ப்பு அதிகம். முழங்காலுக்குக் கீழே ஓடும் கிளைக் குழாய்கள் நன்றாக இருக்கின்றனவா என்பதும் முக்கியம். மேலே மதகைத் திறந்தாலும் கீழே வாய்க்கால் தூர்ந்திருந்தால் பயிருக்குத் தண்ணீர் போய்ச் சேராது அல்லவா?

ஆனால் அவர் நாட்டு ஆபரேஷன் டாக்டர்கள் பலர் அவரை நம்பவில்லை. பைத்தியக்காரர் என்று கூடக் கேலி செய்தார்கள். படம் மட்டும் எடுத்தால் போதும், சரிசெய்ய முயலவேண்டாம் என்று ஒரு நோயாளியின் சீட்டில் எழுதி அனுப்பினார் ஒருவர். ஐரோப்பிய டாக்டர்கள்தான் அந்த முறையை வளர்த்தார்கள். ஆந்திரியாஸ் குருயன்ட்சிக் 1974-ல் கால் ரத்தக் குழாயிலும், 1977-ல் இருதய ரத்தக் குழாயிலும் பலூன் செலுத்தி விரித்தார். டாட்டர் போட்ட விதை மரமாயிற்று.

மலை ஏறிய மனிதர்

அமெரிக்காவில் 14,000 அடிக்கு மேற்பட்ட 67 சிகரங்களில் ஏறியவர் டாட்டர். புற்றுநோயும் இருதய நோயும் தாக்கிய பிறகும் அவர் ஓயவில்லை. 1985-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி காலமானார்.

கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி விடுகிறதா? வேலை அலுப்பு என்று விட்டுவிடக்கூடாது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை வியாதி உள்ளவர்களும் உடனே டாக்டரிடம் காட்டவேண்டும். விரல் கறுக்கும் முன்பே படம் எடுத்துப் பார்த்தால் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.