கழற்ற இயலா அணி

மணலி புதுநகரில் பெண் மகவு பிறந்த இல்லங்களில் முதற்பேச்சு நகைச்சீட்டாக அமைவதை நாம் காண்கிறோம். அணிக்கும் அழகுக்கும் இடும் பொருள் பெண்ணைக் காக்குமா, கல்விக்கு இடும் பொருள் காக்குமா என்னும் வினா எழுந்தால், சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரின் வாழ்வே நம் நினைவுக்கு வருகிறது.

1886இல் பிறந்த அம்மையாருக்குச் சிறு வயதிலேயே மணம் முடிந்தது. சில காலத்தில் கணவர் மறைந்தார். அக்காலப் பிராமணக் குடும்பங்களில் கைம்பெண்ணின் பூவும் பொட்டும் வளையும் நீக்கப்பட்டன. பலருக்குக் கூந்தலும் மழிக்கப்பட்டது. பெற்றோர் அரும்பாடுபட்டுச் சேர்த்த நகைகளை, அணிவித்த வழக்கமே ஒரே நாளில் கழற்றிவிட்டது! தந்தையார் சுப்பிரமணிய ஐயரோ மகளை மூலையில் இருத்தவில்லை, படிக்க வைத்தார். ஊரார் ஏச்சுக்கு அஞ்சாத அத்தந்தைக்கும் இப்புகழில் பாதி உரியது என்போம். 1911இல் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்ற அம்மையார், சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளுள் ஒருவரானார்.

கற்ற கல்வியைத் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1912இல் எழும்பூரில் நான்கு இளங்கைம்பெண்களுடன் தொடங்கிய இல்லம், பின்னர் கடற்கரையை அடுத்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் வளர்ந்தது. அது பிராமணப் பெண்களுக்கு மட்டுமே என்றிருந்தது நமக்கு ஒரு குறையாகவே படுகிறது. எனினும் அங்குத் தங்கிப் பயின்றோருள் பலர் ஆசிரியைகளாகித் தம் ஊதியத்தில் தலைநிமிர்ந்தனர். உடன்பிறந்தார் வீட்டு அடுப்படியில் ஒடுங்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள்.

1922இல் தொடங்கிய லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கு அம்மையார் தலைமையேற்றார். 1942இல் மயிலாப்பூரில், இளமையில் படிக்க வாய்க்காத வளர்ந்த பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையத்தை நிறுவினார். 1958இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்; 1969இல் மறைந்தார்.