உழைப்பே கட்டணம்: கர்மவீரர் பாவுராவ் பாட்டீல்

1920-களின் பிற்பகுதி. மராட்டிய நாட்டின் சதாரா நகரில் ஏழை மாணவர் விடுதி ஒன்றில் தானியம் தீர்ந்துவிட்டது. அடுத்த வேளை உணவுக்கு வழியில்லை. விடுதியை நடத்தி வந்தவர் நிதி திரட்டுவதற்காக ஊர் ஊராகச் சென்றிருந்தார். அவருடைய மனைவி லக்ஷ்மிபாயிடம் ஒரு காலத்தில் நிறைய பொன் நகைகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக விற்கப்பட்டு அந்தப் பிள்ளைகளின் உணவாக மாறியிருந்தன. எஞ்சியிருந்தது கழுத்தில் கிடந்த மங்கல சூத்திரம் ஒன்றுதான். அன்று அதையும் அவர் கழற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் பசியாறினர்.

அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவருடைய சமயத்தையோ சாதியையோ சேர்ந்தவர்கள் அல்லர். உழவர் வீட்டுப் பிள்ளைகள், கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகள், தீண்டத்தகாதவர் என்று சமூகம் ஒதுக்கி வைத்திருந்தோரின் பிள்ளைகள் எல்லோரும் அங்கே ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். அந்த விடுதியை நடத்தியவர்தான் பாவுராவ் பாட்டீல். மக்கள் அவருக்கு அன்புடன் சூட்டிய பெயர் கர்மவீரர்.

இளமைப் பாடங்கள்

பாவுராவ் 1887-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் கோல்ஹாப்பூரை அடுத்த கும்போஜ் என்ற ஊரில், உழவுத் தொழிலில் ஈடுபட்டிருந்த சமணக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பாய்கோண்டா பாட்டீல் அரசுப் பணியில் இருந்த எழுத்தர். தாய் கங்காபாய்.

சிறுவயதிலேயே பாவுராவின் உள்ளத்தைச் சுட்ட ஒன்று தீண்டாமை. கிணற்றில் நீர் எடுக்க முடியாமல் தாகத்துடன் காத்து நின்ற எளியவர்களைக் கண்டு, அந்தக் கிணற்றின் இராட்டினத்தையே அவர் உடைத்து உள்ளே எறிந்தார் என்று சொல்வார்கள். ஒருவருக்கு இல்லாத நீர் எவருக்கும் வேண்டாம் என்பது அந்தச் சிறுவனின் தர்க்கம். அவர் வாழ்நாள் முழுவதும் ஆற்றிய பணிக்கு அதுவே விதை.

1902-இல் உயர்நிலைக் கல்விக்காகக் கோல்ஹாப்பூர் சென்று, அங்கிருந்த சமண மாணவர் விடுதியில் தங்கினார். அப்போது கோல்ஹாப்பூரை ஆண்டவர் ஷாஹு மகராஜ். பிற்பட்ட மக்களின் பிள்ளைகள் நகரில் தங்கிப் படிப்பதற்காக ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு விடுதி அமையும்படி ஊக்குவித்தவர் அவர். தீண்டத்தகாதவர் எனப்பட்டோரின் பிள்ளைகளுக்காக 1908-இல் அங்கே மிஸ் கிளார்க் விடுதி திறக்கப்பட்டது. அந்த விழாவுக்கு பாவுராவ் சென்று திரும்பினார். குளித்துத் தூய்மை செய்துகொண்ட பின்னரே உள்ளே வர வேண்டும் என்றார் அவருடைய விடுதியின் பொறுப்பாளரான அண்ணாசாஹேப் லட்டே. மனிதர்களைச் சந்தித்து வந்ததற்குத் தூய்மைச் சடங்கு எதற்கு என்பது பாவுராவின் நிலை. அவர் பணியவில்லை; விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

படிப்பிலும் அவர் சிறந்து விளங்கவில்லை. கணிதம் அவருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. மன்னரே பரிந்துரைத்தும் கணித ஆசிரியர் அவரைத் தேர்ச்சி பெற்றவராக அறிவிக்க மறுத்துவிட்டார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. 1909-இல், மெட்ரிகுலேஷன் தேறாமலேயே பாவுராவின் பள்ளிப் படிப்பு முடிந்தது. பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான பள்ளிகளை நிறுவியவர், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்!

பகைவருக்கும் பொய் சொல்லேன்

1914-ஆம் ஆண்டு ஒரு கடும் சோதனை வந்தது. கோல்ஹாப்பூரில் இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னரின் சிலை மீது யாரோ தார் பூசிவிட்டனர். பழி லட்டேயின் மீது விழுந்தது. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி பாவுராவ் வற்புறுத்தப்பட்டார். தம்மை விடுதியிலிருந்து வெளியேற்றிய அதே மனிதரைப் பழிவாங்க எளிய வாய்ப்பு. ஆனால் அந்தச் சாட்சி பொய். பாவுராவ் மறுத்தார். சிறையில் அடைக்கப்பட்டார், துன்புறுத்தப்பட்டார். துன்பம் தாங்காமல் உயிரை விடவும் முற்பட்டார். பொய் சொல்ல மட்டும் உடன்படவில்லை. தம்மிடம் தீமை செய்தவருக்கும் நியாயம் செய்ய வேண்டும் என்ற உறுதி அன்று அவரிடம் புடம் போடப்பட்டது.

விடுதலையான பின் பிழைப்புக்காகக் கிர்லோஸ்கர் நிறுவனத்தின் இரும்புக் கலப்பைகளை விற்கும் பிரதிநிதியானார். கிராமம் கிராமமாக அலைந்தார். அந்த அலைச்சலே அவருக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது. உழவனுக்கு நல்ல கலப்பை கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. எழுத்தறியாத உழவன் கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கைநாட்டு வைத்துவிட்டு நிலத்தை இழக்கிறான். இதைப் பாவுராவ் ஊர்தோறும் நேரில் கண்டார்.

வழியை அடைத்து நின்றது எது?

ஏழைப் பிள்ளைகள் ஏன் மேலே படிப்பதில்லை? அறிவுக் குறைவு என்றனர் சிலர். ஆர்வம் இல்லை என்றனர் வேறு சிலர். பாவுராவ் கண்ட விடை வேறு.

கிராமத்துப் பள்ளி சில வகுப்புகளோடு நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க விரும்பும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை நகரத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே எங்கே தங்குவது? யார் சோறு போடுவார்? ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று வாரச் சாப்பாடு உண்டு படித்த ஏழை மாணவர்கள் அந்நாளில் இருந்தனர். தீண்டாமைக்கு ஆளான பிள்ளைக்கு அந்தக் கதவும் திறக்காது. இவற்றையெல்லாம் கடந்தாலும், வயலில் ஓர் ஆள் குறைவதைத் தந்தையால் தாங்க முடியாது. ஆக, வழியை அடைத்து நின்றது பிள்ளையின் அறிவு அன்று; தங்க இடமும் உண்ண உணவும் இல்லாமையே.

எனவே பாவுராவ் பள்ளியிலிருந்து தொடங்கவில்லை, விடுதியிலிருந்து தொடங்கினார். 1910-இல் நண்பர்களோடு சேர்ந்து தூத்காவில் ஒரு மாணவர் விடுதி அமைக்கத் துணை நின்றார். 1919 அக்டோபர் 4-ஆம் நாள் கராட் நகரை அடுத்த காலே என்ற சிற்றூரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தா என்ற கல்வி நிறுவனத்தைத் தோற்றுவித்தார். ரயத் என்றால் உழுகுடி மக்கள். மக்களின் பெயரால், மக்களுக்காகத் தொடங்கிய நிறுவனம் அது. அதன் சின்னமாக ஆலமரத்தைத் தேர்ந்தெடுத்தார். விழுதுகள் வேரூன்றிப் புதிய அடிமரங்களாவது போல், படித்தவர்கள் திரும்பி வந்து நிறுவனத்தைத் தாங்க வேண்டும் என்பது அவரது எண்ணம்.

1924-இல் நிறுவனத்தின் தலைமையிடம் சதாராவுக்கு மாறியது. அங்கே அமைந்த விடுதிக்கு 1927 பிப்ரவரி 25-ஆம் நாள் மகாத்மா காந்தி வருகை தந்து, ஸ்ரீ சத்ரபதி ஷாஹு விடுதி என்று பெயர் சூட்டினார். கோல்ஹாப்பூரில் சமூகத்துக்கு ஒன்றாக விடுதிகள் இருந்தன. இங்கோ எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். சேர்ந்து சமைத்தனர், சேர்ந்து உண்டனர், சேர்ந்து பாத்திரம் துலக்கினர். தீண்டாமைக்கு எதிரான சொற்பொழிவுகள் அங்கே தேவைப்படவில்லை. சமையலறையே அந்தப் பாடத்தை நடத்தியது.

லக்ஷ்மிபாய் ஆசாரமான சமணக் குடும்பத்தில் வளர்ந்தவர். தொடக்கத்தில் அவருக்கு இந்த வாழ்க்கை எளிதாக இருந்திருக்க முடியாது. ஆயினும் அவர் அந்தப் பிள்ளைகள் அனைவருக்கும் தாயானார். 1930-இல் அவர் மறைந்தார். மனைவியின் பிரிவுக்குப் பின் பாவுராவுக்கு விடுதியே வீடாயிற்று.

தானம் அன்று, உழைப்பு

நிதிக்கு அவர் கண்ட வழிகளில் ஒன்று தமிழர்களுக்கும் நன்கு பழக்கமானது. சமைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி தானியத்தைக் கல்விக்கென எடுத்து வைக்கும் பிடியரிசித் திட்டத்தை ஊர்தோறும் பரப்பினார். கொடுப்பவர் ஏழை, பெறுபவரும் ஏழை. அதனால் கொடுப்பவரிடம் கர்வமும் இல்லை, பெறுபவரிடம் கூச்சமும் இல்லை.

அதைவிட முக்கியமானது, உழைத்துப் படிக்கும் திட்டம். இலவசமாகப் பெறும் கல்வி பிள்ளையின் முதுகெலும்பை வளைத்துவிடக் கூடும் என்று பாவுராவ் அஞ்சினார். எனவே மாணவர்கள் கரடான நிலத்தைத் திருத்தினர், பயிர் செய்தனர், சாலை போட்டனர், தாங்கள் படிக்கும் கட்டடங்களுக்குத் தாங்களே கல்லும் மண்ணும் சுமந்தனர். அந்த உழைப்பின் மதிப்பு அவர்களின் உணவுக்கும் படிப்புக்கும் ஈடாயிற்று. வறுமையில் பிறந்த பிள்ளையிடம் பணம் இல்லை. இரண்டு கைகள் உள்ளன. அந்தக் கைகளையே கட்டணமாக ஏற்றுக்கொண்டார் பாவுராவ். இதில் கல்வி யாசகம் ஆகவில்லை. அது ஒரு வேள்வி ஆயிற்று. ஏட்டுக் கல்வி கற்றதும் உடலுழைப்பை இழிவாகக் கருதும் நோயும் அந்த மாணவர்களை அணுகவில்லை.

படிக்கு மேல் படி

விடுதி அமைந்தது. ஆனால் கிராமங்களில் தொடக்கப் பள்ளிகளே இல்லையென்றால் விடுதிக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்? பள்ளி தொடங்கலாம், ஆசிரியர்களுக்கு எங்கே போவது? ஒவ்வொரு கேள்விக்கும் பாவுராவ் ஒரு நிறுவனத்தையே விடையாக எழுப்பினார். 1932-இல் புனேயில் யூனியன் விடுதி. 1935-இல் சதாராவில் கிராம ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரி. 1938 முதல் சிற்றூர்களில் தன்னார்வப் பள்ளிகள். 1940-இல் சதாராவில் மகாராஜா சயாஜிராவ் உயர்நிலைப் பள்ளி. அங்கே உழைத்துப் படிக்கும் முறை உயர்நிலைக் கல்விக்கும் விரிவடைந்தது.

பள்ளி இறுதி வகுப்பைத் தேறிய இளைஞன் அடுத்து என்ன செய்வான்? கல்லூரிகள் பெருநகரங்களில், செலவோ உழவனின் ஆண்டு வருமானத்தை விழுங்கக்கூடியது. இத்தனை படிகள் ஏறிய பிள்ளை கடைசிப் படியில் நின்றுவிட வேண்டுமா? 1947 ஜூன் மாதம், நாடு விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, சதாராவில் சத்ரபதி சிவாஜி கல்லூரி தொடங்கியது. உழைத்துப் படிக்கும் வழி அங்கே பட்டப்படிப்பு வரை நீண்டது. பெருந்தொகை தர முன்வந்த ஒருவர் கல்லூரிக்குத் தம் பெயரைச் சூட்டக் கேட்டதாகவும், பாவுராவ் அதை உறுதியாக மறுத்ததாகவும் சொல்வார்கள்.

இத்தனைக்கும் நடுவே பெரும் இடியும் விழுந்தது. 1948-இல் அரசைக் குறைகூறிப் பேசினார் என்ற காரணத்தால் நிறுவனத்துக்கு வந்த அரசு மானியம் நிறுத்தப்பட்டது. பள்ளிகளும் விடுதிகளும் தத்தளித்தன. அந்த நெருக்கடியில் அவருக்காகப் பரிந்து பேச வந்தவர் ஒரு துறவி. கையில் துடைப்பத்துடன் ஊர் ஊராகச் சென்று தெருக்களைப் பெருக்கி, மாலையில் கீர்த்தனம் பாடி மக்களுக்கு நல்வழி காட்டிய காட்கே மகராஜ்தான் அவர். எழுத்தறிவு பெறாத அந்த மகான் கல்வியின் அருமையை நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய முயற்சியால் மானியம் மீண்டும் கிடைத்தது. 1954-இல் கராடில் தொடங்கிய கல்லூரிக்கு சத்குரு காட்கே மகராஜ் கல்லூரி என்றே பெயரிட்டார் பாவுராவ். பள்ளியைக் காணாத ஒருவரின் பெயரில், பள்ளியை முடிக்காத ஒருவர் எழுப்பிய கல்லூரி!

ஆலமரத்தின் விழுதுகள்

பாவுராவிடம் வளர்ந்த ஏழை மாணவர்களில் ஒருவர் பி.ஜி. பாட்டீல். அவர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றார். நீதிமன்றங்களில் பொருள் குவிக்கும் வாய்ப்பு இருந்தும், தம்மை வளர்த்த நிறுவனத்தின் கல்விப் பணிக்கே திரும்பி வந்தார்; பின்னாளில் கோல்ஹாப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் உயர்ந்தார். அவரைப் போல் திரும்பி வந்து ஆசிரியர்களாகப் பணிபுரிந்தவர்கள் பலர். ஆலமரச் சின்னம் வெறும் ஓவியமாக நின்றுவிடவில்லை.

1959-ஆம் ஆண்டு பாரத அரசு பாவுராவுக்கு பத்ம பூஷண் விருது வழங்கியது. புனே பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அதே ஆண்டு மே 9-ஆம் நாள் புனேயில் அவர் உடல் நீத்தார். அவர் விட்டுச் சென்றவை: 38 விடுதிகள், 578 தன்னார்வப் பள்ளிகள், 108 உயர்நிலைப் பள்ளிகள், 6 ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள், 3 கல்லூரிகள். தமக்கென்று அவர் சேர்த்தது எதுவும் இல்லை. 2021-இல் சதாராவில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் பல்கலைக்கழகம் உருவானது. மெட்ரிகுலேஷன் தேறாத மனிதரின் பெயரை இன்று ஒரு பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது.

செயலின் பயனைத் தனக்கென்று கருதாமல் ஆற்றும் பணியே கர்மயோகம் என்று சாத்திரங்கள் கூறுகின்றன. பாவுராவ் அதைப் பற்றி விளக்கவுரை எழுதியவர் அல்லர். அதை வாழ்ந்து காட்டியவர். நம் தெருவிலோ ஊரிலோ பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து எங்கே செல்வது என்று தெரியாமல் நிற்கும் ஓர் ஏழை இளைஞன் இன்றும் இருக்கக் கூடும். அவனுக்குத் தேவை அறிவுரை மட்டும் அன்று. வழி தெரிந்த ஒருவரின் துணை, தங்க ஓரிடம், உண்ண ஒரு பிடி உணவு, தலைநிமிர்ந்து உழைக்க ஒரு வாய்ப்பு. ஒரு பிடி தானியம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. எடுத்து வைக்கும் கை ஒன்றே வேண்டும்.